கேளுங்க, சொல்றேன்: முன்னாடி போறவன் நம்மாளு தான், இருந்தாலும்...

போன இதழ்ல கார் ரேஸ் டீம் ஆர்டர் பத்தி, அதாவது ஒரே டீம்ல ஓடுற ரெண்டு பேர்ல யாரு முன்னாடி போகணும்னு டீமே உத்தரவு போடுறத பத்தி, போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், "டீம் சொன்னா விட்டுக் கொடுக்கிறதுல தப்பு ஒண்ணும் இல்ல"ன்னு. அம்புட்டு தான். தொண்டில ஆரம்பிச்சு சாயல்குடி வரைக்கும் கடற்கரை பூரா கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு, பாதி கேள்வி, மீதி திட்டு. ஒருத்தர் 6 நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருக்காரு, அதுல 4 நிமிஷம் காத்து சத்தம் தான் கேக்குது, பாம்பன் பாலத்துல நின்னுக்கிட்டு பேசிருப்பாரு போல. சரி, இந்த தடவை முழுக்க இது தான்.

சாயல்குடி வாசகர்: அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே முதலாளி, ஒரே கலர் சட்டை. அப்புறம் எதுக்கு வெளியாளை விட இவங்க ரெண்டு பேரும் மோசமா அடிச்சுக்கிறாங்க?

உங்க ஊர்க்காரங்களுக்கு இத நான் சொல்லணுமா தம்பி? மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்துல ஒரே ஆளோட ரெண்டு வண்டி ஓடுறத பாத்ததில்லையா. வெளியூர் மாட்டுக்கிட்ட தோத்தா "அது வாங்குன விலை அப்படிய்யா"ன்னு சொல்லி தப்பிச்சிரலாம். ஒரே தொழுவம், ஒரே பருத்திக்கொட்டை, ஒரே தண்ணி, அதுல பின்னாடி வந்தா சாரதிய தவிர யாரை குறை சொல்றது? ஃபார்முலா ஒன்லயும் கதை இது தான். ஒவ்வொரு டீமும் தன் காரைத் தானே செஞ்சுக்குது, அதனால அடுத்த டீம் டிரைவர் முன்னாடி போனா "அவன் காரு வேகம்"னு சொல்லிக்கலாம், ஆனா டீம்மேட் உக்காந்திருக்கிறது நீங்க உக்காந்திருக்கிற அதே காரு. அவன்கிட்ட தோத்தா அடுத்த வருஷ ஒப்பந்தம் பேசும்போது சம்பளம் குறையும், இல்லாட்டி சீட்டே போயிரும்.

இன்னொரு சங்கதி இருக்கு. அங்க பட்டம் ரெண்டு, ஒண்ணு டிரைவருக்கு, இன்னொண்ணு டீமுக்கு. முதல் இடத்துக்கு 25 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 18. நம்ம ரெண்டு காரும் முன்னாடி ரெண்டு இடத்துல வந்தா டீமுக்கு 43, அது அண்ணன் முன்னாடி வந்தாலும் 43, தம்பி முன்னாடி வந்தாலும் 43. பரிசுப் பணம் பங்கு பிரிக்கிறதும் டீம் பட்டத்த வச்சுத் தான். அப்போ முதலாளிக்கு ரெண்டு காரும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம வீடு வந்து சேந்தா போதும், ஓட்டுறவனுக்கோ அந்த 7 பாயிண்ட் தான் உசுரு. சண்டை பொறக்கிறதே இந்த எடத்துல தான், மத்தது எல்லாம் பேச்சு.

மெக்லாரன் டீம்ல 1988-ல சென்னாவும் ப்ராஸ்டும் சேந்து 16 ரேஸ்ல 15 ஜெயிச்சாங்க, சென்னா 8, ப்ராஸ்ட் 7. அப்போ எல்லா ரேஸ் பாயிண்ட்டும் கணக்குல வராது, நல்லா வந்த 11 மட்டும் தான், அதனால மொத்தமா கூட்டுனா ப்ராஸ்ட்டுக்கு 105, சென்னாவுக்கு 94, ஆனாலும் பட்டம் சென்னாவுக்கு. வயிறு எரியுமா எரியாதா? அடுத்த வருஷம் இமோலாவுல முதல் வளைவுல யார் முன்னாடியோ அவரை மத்தவர் முந்தக் கூடாதுன்னு பேசி வச்சாங்க, ப்ராஸ்ட் முன்னாடி போனாரு, டோசா வளைவுல சென்னா முந்திட்டாரு, "அது முதல் வளைவு தானா இல்லையா"ன்னு ஆரம்பிச்ச வழக்கு அந்த வருஷக் கடைசில சுசுகாவுல ரெண்டு காரும் முட்டி நிக்கிற வரைக்கும் போச்சு. வரப்புத் தகராறு மாதிரியே தான்.

தங்கச்சிமடம் வாசகர்: டீம் ஆர்டருக்கு தடை இருந்துச்சுன்னு சொல்றாங்களே, அப்போ அது சட்டப்படி தப்பு தானே? நீங்க தப்பில்லன்னு எழுதுறீங்க.

தடை இருந்துச்சு, இப்ப இல்ல. ஏன் வந்துச்சு, ஏன் போச்சுங்கிறது தான் சுவாரஸ்யம்.

2002 மே 12, ஆஸ்திரியா. ஃபெராரில ஷூமேக்கரும் பாரிச்செல்லோவும். அந்த வாரம் பாரிச்செல்லோ தான் ராஜா, முதல் இடத்துல கிளம்பி கடைசி சுத்து வரைக்கும் முன்னாடியே ஓட்டிட்டு வந்தாரு. பின்னாடி வர்ற ஷூமேக்கர முன்னாடி விடுன்னு டீம் ரேடியோல விடாம நச்சரிச்சு, கடைசி வளைவு தாண்டி கோடு கண்ணுக்குத் தெரியும்போது மனுஷன் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டாரு. எடுத்த விதம் தான் முக்கியம். முன்னாடியே எங்கயாவது மெதுவா விட்டிருந்தா யாருக்கும் தெரியாது, இவரு உலகமே பாக்கட்டும்னு கோட்டுக்கிட்ட வந்து விட்டாரு, ஷூமேக்கர் 0.182 வினாடில "ஜெயிச்சாரு". கூட்டம் போட்ட கூச்சல்ல ஷூமேக்கருக்கே கூசிப் போயி பரிசு மேடைல பாரிச்செல்லோவ தூக்கி முதல் படில நிறுத்திட்டு, இவரு ரெண்டாவது படில நின்னாரு. அபராதம் 10 லட்சம் டாலர், பாதி கட்டுனா போதும், மீதி பாதி நிறுத்தி வச்சாங்க. அதுலயும் வேடிக்கை, அபராதம் விட்டுக் கொடுத்ததுக்கு இல்ல, மேடைல எடம் மாறி நின்னதுக்கு!

இதுல எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி நடந்த 5 ரேஸ்ல 4 ஷூமேக்கர் ஜெயிச்சிருந்தாரு, அந்த வருஷம் ஜூலைலயே பட்டமும் வாங்கிட்டாரு. வயிறு நிறைஞ்சவன் இலைல இன்னொரு வறுவல் மீன வைக்கிறதுக்கு பசியோட உக்காந்திருக்கிறவன் இலைல இருந்து எடுத்த மாதிரி.

2003-ல தடை வந்துச்சு. உடனே என்னாச்சு? ஆர்டர் நிக்கல, சங்கேதமா மாறுச்சு. 2010 ஜூலை 25, ஜெர்மனி ஹாக்கன்ஹைம், மாஸா முன்னாடி, அலோன்சோ பின்னாடி, ரெண்டு பேரும் ஃபெராரி. இன்ஜினியர் ரேடியோல நிறுத்தி நிதானமா சொன்னது, ஃபெர்னாண்டோ உன்ன விட வேகமா இருக்காரு, புரிஞ்சுதான்னு உறுதி சொல்லு. ஆர்டர்னு ஒரு வார்த்தை கூட கிடையாது, ஆனா சின்னப் புள்ளைக்கும் புரியும். மாஸா விட்டுட்டாரு. சரியா ஒரு வருஷத்துக்கு முன்ன அதே ஜூலை 25-ல தான் ஹங்கேரில முன்னாடி போன கார்ல இருந்து கழண்ட ஸ்பிரிங் அவரு ஹெல்மெட்ல அடிச்சு சாகக் கிடந்து பொழைச்சாரு, அந்த ஸ்பிரிங் யாரு கார்ல இருந்து கழண்டுச்சு தெரியுமா, நம்ம பாரிச்செல்லோ கார்ல இருந்து. கதை எழுதுனா கூட இப்படி எழுத கூச்சமா இருக்கும்.

அந்த தடவை அபராதம் 1 லட்சம் டாலர். ஃபெராரிக்கு அது டீ செலவு. பிடிக்க முடியாத திருட்டுக்கு சட்டம் வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு 2011-ல இருந்து தடைய எடுத்துட்டாங்க. வாங்குன 7 பாயிண்ட்டாவது உதவுச்சான்னா அதுவும் இல்ல, வருஷக் கடைசில அலோன்சோ 4 பாயிண்ட்ல பட்டத்த விட்டாரு.

அதனால இப்ப சட்டம் அத தப்புன்னு சொல்லல. தப்பா சரியாங்கிறது வேற கேள்வி, அதுக்கு கீழ நம்புதாளை ஐயா கேட்டதுல வர்றேன்.

கீழக்கரை, கல்லூரி மாணவி: காக்கா, மல்டி 21-ங்கிறாங்களே, அது என்ன?

தங்கச்சி, அது ரெட் புல் டீமோட சங்கேதம். 2013-ல வெட்டல் காரு நம்பர் 1, வெப்பர் காரு நம்பர் 2. மல்டி 21-ன்னா 2 முன்னாடி, 1 பின்னாடி, அப்படியே வீட்டுக்கு வாங்க. மலேசியா செபாங்ல, டயர் மாத்த உள்ள வர்ற கடைசி பிட் ஸ்டாப் முடிஞ்சதும் இத சொன்னாங்க. வெப்பர் நம்பி இன்ஜின் வேகத்த குறைச்சுக்கிட்டாரு, வெட்டல் குறைக்கல, சுவர ஒட்டி ஒட்டி சண்டை போட்டு முந்தி ஜெயிச்சுட்டாரு. ரேஸ் முடிஞ்சு உள்ள ரூம்ல தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது வெப்பர் அவரை பாத்து சொன்னது ரெண்டே வார்த்தை, "மல்டி 21, செப்". கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சு, உலகமே கேட்டுச்சு.

அதே ரேஸ்ல பின்னாடி 3, 4-ல மெர்சிடிஸ். ஹாமில்டன் முன்னாடி, ராஸ்பெர்க் பின்னாடி, ராஸ்பெர்க் வேகமா இருக்காரு, முந்த விடுங்கன்னு கேக்குறாரு, டீம் கூடாதுன்னுச்சு, அவரு முணங்கிக்கிட்டே கேட்டுக்கிட்டாரு. கேட்டவருக்கு 4-வது இடம், கேக்காதவருக்கு கோப்பை. வெட்டல் அந்த வருஷம் பட்டமும் வாங்குனாரு, வெப்பர் அந்த வருஷத்தோட ஃபார்முலா ஒன்ன விட்டே போயிட்டாரு. நல்ல புள்ளையா இருந்தா என்ன கிடைக்கும்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லம்மா.

மண்டபம் வாசகர்: இந்த சண்டைல உயிர் போனது உண்டா சார்?

அந்த சண்டைல தான் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா சொல்றேன், கேளுங்க.

1982 ஏப்ரல் 25, இமோலா. ஃபெராரில வில்னூவும் பிரோனியும் முன்னாடி ரெண்டு இடம். டீம் பிட்ல இருந்து 'மெதுவா'ன்னு பலகை காட்டுச்சு. வில்னூவுக்கு அதுக்கு அர்த்தம், இருக்கிற வரிசைல போய் சேரணும்னு. பிரோனிக்கு அர்த்தம், காரை பத்திரமா பாத்துக்கணும்னு மட்டும். கடைசி சுத்துல பிரோனி முந்தி ஜெயிச்சாரு. வில்னூவ் இனி அவனோட பேச மாட்டேன்னு சொன்னவரு பேசவே இல்ல. 13 நாள் கழிச்சு பெல்ஜியம் ஜோல்டர்ல, ரேஸ்ல யாரு எந்த இடத்துல கிளம்பணும்னு முடிவு பண்ற தகுதிச் சுத்து, பிரோனி அவரை விட கொஞ்சூண்டு வேகமா போயிருந்தாரு, வில்னூவ் விரட்டிக்கிட்டு போகும்போது மெதுவா வந்த ஒரு கார்ல மோதி காரு பறந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே போயிட்டாரு. கோபத்துல தான் போனாருன்னு எழுதுறவங்க உண்டு, அவரு எப்பவுமே அப்படித் தான் ஓட்டுவாருன்னு சொல்றவங்களும் உண்டு.

பிரோனி அந்த ஆகஸ்ட்லயே ஹாக்கன்ஹைம் மழைல மோதி ரெண்டு காலும் நொறுங்கி, அப்புறம் ஃபார்முலா ஒன் ஓட்டவே இல்ல. 1987-ல இங்கிலாந்து பக்கம் கடல்ல வேகப் படகு ரேஸ்ல படகு கவுந்து இறந்துட்டாரு. அவரு செத்த பிறகு அவரு துணைவிக்கு ரெட்டைப் பசங்க பொறந்தாங்க. வச்ச பேரு என்ன தெரியுமா? ஒருத்தனுக்கு டிடியே, அது பிரோனி பேரு. இன்னொருத்தனுக்கு ஜில், அது வில்னூவ் பேரு. அந்த ஜில் பிரோனி வளந்து மெர்சிடிஸ்ல இன்ஜினியராகி, 2020-ல சில்வர்ஸ்டோன் மேடைல டீமுக்கான கோப்பைய வாங்குனாரு. நான் அத டிவில பாத்தப்ப எந்திரிச்சு நின்னுட்டேன், வீட்ல என்னாச்சுன்னு கேட்டாங்க, சொல்லத் தெரியல.

உச்சிப்புளி வாசகர்: பைக் ரேஸ்லயும் இது உண்டா?

உண்டு. யமஹாவுல 2008-ல ரோஸ்ஸிக்கும் லொரென்சோவுக்கும் நடுவுல ஷெட்லயே சுவர் வச்சாங்க. ஆளுக்கு ஒரு கம்பெனி டயர், ரகசியம் கசியக் கூடாதுன்னு சாக்கு. அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் ஒரே டயர் தான், சுவர் மட்டும் போகல. பாகப்பிரிவினைல வீட்டுக்கு நடுவுல எழுப்புன சுவர் என்னைக்கு இடிஞ்சிருக்கு?

தேவிபட்டினம் வாசகர்: நம்ம நரேன் கார்த்திகேயன் இந்த மாதிரி மாட்டிருக்காரா?

கோயம்புத்தூர் ஆளு, இந்தியால இருந்து ஃபார்முலா ஒன் ஓட்டுன முதல் ஆளு, 2005-ல ஜோர்டன் டீம். அந்த வருஷம் ஜூன் 19 அமெரிக்கா இண்டியானாபோலிஸ் ரேஸ் ஒரு கூத்து. மிஷலின் டயர் அந்த ட்ராக்ல தாங்காதுன்னு ஆகிப் போயி, அந்த டயர் போட்ட 14 காரும் ஒரு சுத்து வந்துட்டு அப்படியே உள்ள போயிருச்சு. மிச்சம் 6 காரு. ஃபெராரி 2, ஜோர்டன் 2, மினார்டி 2. அதாவது அன்னைக்கு ட்ராக்ல ஓடுனது மூணு வீட்டுச் சண்டை மட்டும் தான்! ஃபெராரிலயே பிட்ல இருந்து வந்த ஷூமேக்கரும் பாரிச்செல்லோவும் இடிக்கிற மாதிரி போயி பாரிச்செல்லோ புல்லுக்குள்ள இறங்கிட்டாரு. ஜோர்டன்ல மான்டெய்ரோ 3-வது, நரேன் 4-வது. மான்டெய்ரோ மேடைல குதிச்ச குதி இருக்கே. நரேனுக்கு 5 பாயிண்ட், அது தான் அவரு ஃபார்முலா ஒன்ல எடுத்த மொத்தமும். டீம்மேட்ட மட்டும் முந்திருந்தா ஃபார்முலா ஒன் மேடைல ஒரு தமிழன் நின்ன படம் நம்ம டீக்கடைல எல்லாம் மாட்டிருக்கும், ரொம்ப நாள் எனக்கு அந்த ஏக்கம் இருந்துச்சு.

நம்புதாளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, சும்மா தப்பில்லை என்று எழுதிவிட்டீர்கள். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் விட்டுக் கொடுப்பீர்களா?

ஐயா, நான் அந்த இடத்துல இருந்திருக்கேன். கார்ல இல்ல, வள்ளத்துல.

எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு வள்ளம். ஊருக்கு அவரு ஒரு சின்ன சம்மாட்டி. கோயில் திருவிழாவுக்கு பாய்மரப் போட்டி வைப்பாங்க, கரைல இருந்து கிளம்பி கடலுக்குள்ள மிதவைல நட்ட கொடிய சுத்திட்டு திரும்பணும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்த வருஷம் பெரிய வள்ளம் புதுசு, பெயிண்ட் வாசனை கூட போகல, அதுல சுக்கான் பிடிச்சது மூத்த அண்ணன். பழைய வள்ளத்துல சின்ன அண்ணன், அதுல தண்ணி இறைச்சு ஊத்துற வேலை எனக்கு. எனக்கு 13 வயசு. ஒரு டின்ன அறுத்து செஞ்ச வாளி, அது விளிம்பு கைய கிழிச்சு உப்புத் தண்ணி பட்டு எரிஞ்ச எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கு.

போகும்போது புதுசு தான் முன்னாடி. கொடிய சுத்துற இடத்துல சின்ன அண்ணன் ஒரு வேலை பாத்தாரு, அகலமா சுத்தாம கொடிய உரசிக்கிட்டு திருப்பி, அப்படியே புது வள்ளத்துக்கு காத்து வர்ற பக்கமா போய் ஒட்டிக்கிட்டாரு. காத்த மறைச்சா அடுத்தவன் பாய் செத்த கோழி மாதிரி தொங்கிரும்ல. அங்கிட்டு மூத்த அண்ணன் கத்துறாரு, இங்கிட்டு எங்காளுக ரெண்டு பேரு குறுக்குப் பலகைல ஏறி முதுகு தண்ணில படுற மாதிரி சாஞ்சு நிக்கிறாங்க, நான் தண்ணி இறைக்கிறதயே மறந்துட்டேன். ரெண்டு வள்ள நீளம் முன்னாடி போயிட்டோம். மணல் மூட்டை ரெண்ட தூக்கி கடல்ல போட்டோம். கரைல கொட்டுச் சத்தம் கேக்குது.

அப்ப தான் பக்கத்துல வந்த இன்ஜின் படகுல இருந்து பெரியப்பா துண்டை எடுத்து ஆட்டுறாரு. "பாயை விடுறா, அண்ணன் போகட்டும்"னு. சின்ன அண்ணன் முதல்ல கேக்காத மாதிரியே இருந்தாரு. பெரியப்பா மறுபடியும் கத்துனாரு. சின்ன அண்ணன் மூஞ்சிய நான் பக்கத்துல இருந்து பாத்தேன் ஐயா, கோபம் கூட இல்ல, ஏதோ கணக்கு சரியா வராத மாதிரி ஒரு முழி. கைல சுத்தி வச்சிருந்த பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயித்த ஒவ்வொரு சுத்தா அவுத்தாரு. பாய் படபடன்னு அடிச்சுது. புது வள்ளம் கிட்ட வந்துச்சு, மூத்த அண்ணன் எங்க பக்கம் திரும்பக் கூட இல்ல. ரெண்டு வள்ளமும் இப்படி இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு கிடந்தப்ப, இங்கிட்டு ஓரமா பக்கத்து ஊரு வள்ளம் ஒண்ணு, அது வரைக்கும் நாங்க யாருமே சட்டை பண்ணாதது, சத்தமில்லாம போய் கரையத் தொட்டுருச்சு. கிடாவும் ரொக்கமும் அவங்களுக்கு. எங்களுக்கு ஒரு எவர்சில்வர் அண்டா.

அன்னைக்கு ராத்திரி பெரியப்பா சொன்ன நியாயம், புது வள்ளம் முதல் ஓட்டத்துலயே பேரு வாங்கணும், அதுக்கு கடன் கொடுத்தவன் கரைல நின்னு பாத்துக்கிட்டு இருந்தான்னு. அது ஒண்ணும் அநியாயமான காரணம் இல்லங்க ஐயா. சின்ன அண்ணன் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "இத நேத்து ராத்திரி கஞ்சி குடிக்கும்போது சொல்லிருந்தா நான் கொடிய அப்படி சுத்திருப்பேனாப்பா?" பெரியப்பா பதில் சொல்லல. சின்ன அண்ணன் மூணு மாசம் அந்த வீட்ல சாப்பிடல, அந்த அண்டா இன்னும் பரண்ல கிடக்கு, யாரும் எடுத்து புழங்குறதில்ல.

அதனால தான் சொல்றேன், எனக்கு விட்டுக் கொடுக்கிறதுல சங்கடம் இல்ல. கரைலயே சொல்லிட்டா விட்டுக் கொடுப்பேன். கொடிய சுத்துன பிறகு துண்டை ஆட்டுனா, இப்ப எனக்கு 13 வயசு இல்ல, என்ன செய்வேன்னு தெரியல.

கீழக்கரை வாசகர், துபாயிலிருந்து: காக்கா, 2016 அபுதாபி ரேஸை நேர்ல பாத்தேன். ஹாமில்டன் வேணும்னே மெதுவா ஓட்டுனாரே, அது நியாயமா?

கொடுத்து வச்ச ஆளு நீங்க. வாசகர்களுக்காக சொல்றேன், அன்னைக்கு ராஸ்பெர்க் முதல் மூணு இடத்துல வந்தா போதும், அவருக்கு பட்டம். ஹாமில்டன் முன்னாடி, ராஸ்பெர்க் பின்னாடி. ஹாமில்டன் ஜெயிச்சா மட்டும் பத்தாது, ராஸ்பெர்க்க வேற யாராவது ரெண்டு பேரு முந்தணும். அதனால வேகத்த குறைச்சு, பின்னாடி வர்ற வெட்டலையும் வெர்ஸ்டாப்பனையும் ராஸ்பெர்க் முதுகுல ஏத்தி விட்டாரு. டீம் வேகமா போ வேகமா போன்னு ரேடியோல கெஞ்சி, கடைசில உத்தரவாவே போட்டுச்சு, மனுஷன் அசையல. அப்படியும் ராஸ்பெர்க் 2-வதா வந்து 5 பாயிண்ட்ல பட்டம் வாங்குனாரு, அஞ்சு நாள்ல ரிட்டையர் ஆகிட்டாரு.

எனக்கு அது நியாயமாத் தான் பட்டுச்சு. யாரையும் இடிக்கல, தன் இடத்துல தன் வேகத்துல போனாரு. அந்த வருஷம் ஸ்பெயின்ல முதல் சுத்துலயே ரெண்டு பேரும் முட்டி மணல்ல நின்னாங்களே, அத விட இது எம்புட்டோ மேல். அன்னைக்கு லாபம் அடிச்சது யாரு, 18 வயசு வெர்ஸ்டாப்பன், ரெட் புல்ல அவருக்கு முதல் ரேஸ், அதுலயே ஜெயிச்சாரு. பக்கத்து ஊரு வள்ளம் தான், வேற என்ன. ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் சின்னப் பசங்களா இருந்தப்ப கோ கார்ட்லயே ஒரே டீம், கூட்டாளிங்க. அது தான் மனசுக்கு கஷ்டமா இருக்கு.

பெரியபட்டினம் வாசகர்: அஜித் டீம்லயும் இப்படி சண்டை வருமா?

அது வேற ஜாதி ரேஸ். 24 மணி நேரம் ஒரே கார மாத்தி மாத்தி ஓட்டணும், டீம்மேட் பின்னாடி வர மாட்டான், நீங்க இறங்குனா தான் அவன் ஏறுவான். 2025 ஜனவரில துபாய் ரேஸ்ல பிராக்டிஸ்ல மோதுன பிறகு அஜித்தே டீமோட நல்லதுக்காக அந்த கார ஓட்டாம ஒதுங்கிக்கிட்டாரு, அவரு டீம் தன் பிரிவுல 3-வதா வந்துச்சு. முதலாளியே டிரைவரா இருந்தா ஆர்டர் போடுறது லேசு போல.

ராமேஸ்வரம் வாசகி: எல்லாம் சண்டையாவே சொல்றீங்க. நல்லபடியா நடந்த டீம் ஆர்டரே கிடையாதா?

இருக்கும்மா. ரெண்டு சொல்றேன்.

1956, இத்தாலி மான்சா. அந்த காலத்துல நடு ரேஸ்ல ஒருத்தர் காரை இன்னொருத்தர் வாங்கி ஓட்டலாம். ஃபெராரில ஃபாஞ்சியோ கார் பழுதாகிப் போச்சு. அவரு டீம்மேட் பீட்டர் காலின்ஸ், 24 வயசு, அவருக்கே பட்டம் வாங்குற வாய்ப்பு இருந்துச்சு. பிட்ல வந்து நின்னு இறங்கி காரை ஃபாஞ்சியோகிட்ட கொடுத்துட்டாரு. ஃபாஞ்சியோ 2-வதா வந்து பட்டம் வாங்குனாரு. காலின்ஸ் சின்ன வயசு தானே, இன்னும் எத்தனையோ வருஷம் இருக்குன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. ரெண்டே வருஷத்துல நூர்புர்க்ரிங்ல விபத்துல போயிட்டாரு, பட்டம் வாங்காமயே.

நல்லபடியான்னு கேட்டீங்க, இதுவும் சோகத்துல தான் முடியுது, மன்னிச்சிருங்க. இன்னொண்ணு, 2024 ஹங்கேரி. மெக்லாரன்ல பியாஸ்ட்ரி முன்னாடி, நாரிஸ் பின்னாடி. பின்னாடி வர்ற ஹாமில்டன சமாளிக்க டீம் நாரிஸ முதல்ல பிட்டுக்குள்ள கூப்பிட்டுருச்சு. புது டயர் முதல்ல போட்டவன் ரெண்டு மூணு சுத்துல மளமளன்னு நேரத்த சேத்துருவான், அதனால பியாஸ்ட்ரி டயர் மாத்திட்டு வெளிய வரும்போது நாரிஸ் முன்னாடி போயிட்டாரு. அது அவரா முந்துனது இல்ல, டீம் கொடுத்த இடம். திருப்பிக் கொடுன்னு டீம் கேட்டுச்சு, நாரிஸ் சுத்து சுத்தா இழுத்தடிச்சாரு, நமக்கு டிவி முன்னாடி நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கடைசில 70 சுத்துல 68-வது சுத்துல விட்டாரு. பியாஸ்ட்ரிக்கு அது முதல் வெற்றி. அடுத்த வருஷம் மான்சாவுல நாரிஸுக்கு பிட் ஸ்டாப் சொதப்பி பியாஸ்ட்ரி முன்னாடி வந்துட்டாரு, இந்த தடவை அவரு திருப்பிக் கொடுத்தாரு, வாங்குன கடன அடைச்ச மாதிரி. ஆனா பிட் ஸ்டாப் சொதப்புறது ரேஸ்ல சகஜம் தானே, அதுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கணுமான்னு அவரே ரேடியோல கேட்டுட்டு தான் கொடுத்தாரு. என் ஓட்டு பியாஸ்ட்ரிக்கு. ஹங்கேரில கொடுக்க வேண்டிய கடன் இருந்துச்சு, மான்சாவுல இருந்த மாதிரி எனக்கு தெரியல.

சிக்கல் வாசகர்: நானும் எங்க அண்ணனும் அடுத்த மாசம் ஒரே முதலாளியோட ரெண்டு வண்டி ஓட்டுறோம், நான் ஓட்டுறது கரிச்சான் மாட்டுப் பிரிவு. ரெண்டும் ஒரே பிரிவு. முதலாளி இன்னும் ஒண்ணும் சொல்லல. நானா போய் கேக்கலாமா, கேட்டா தப்பா நினைப்பாரா?

கேளுங்க தம்பி. மாட்டுக்கு லாடம் அடிக்கிற அன்னைக்கு போய் கேளுங்க, அன்னைக்கு அவரு நல்ல மூட்ல இருப்பாரு. அண்ணனையும் கூட்டிக்கிட்டு போங்க, தனியா போகாதீங்க. எல்கைல திரும்பும்போது யாரு உள் பக்கம், யாரு வெளிப் பக்கம்னு மட்டுமாவது பேசி வச்சிருங்க. துணை சாரதிக்கும் சொல்லிருங்க, பாதி சண்டை அவங்களால தான் வருது. எந்த தேதி, எந்த ரோடுன்னு எனக்கு ஒரு வரி போடுங்க, பைக்ல பின்னாடியே வந்து பாக்குறேன்.